சார், நீங்க திருத்தவே இல்லையே

வேறொரு பள்ளியில் தமிழ் நடத்தும் நண்பர் கேட்டார்: "பிடிஎஃப் மேலேயே எழுதித் திருத்துறீங்களே, அந்த ஆப்பை நானும் வாங்கலாமா?" வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்க வேண்டியது. அன்றைக்கு நான் இருந்த கோபத்தில் முடியவில்லை.

ஸ்டைலஸ் பேனா, ஹைலைட்டர், உள்ளங்கை பட்டாலும் கோடு விழாத வசதி எல்லாம் இப்போது பெரும்பாலான செயலிகளில் இருக்கின்றன. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் செயலியில் பேனா வழுக்கிக்கொண்டு எழுதுகிறது. பெயரைச் சொல்லவில்லை; நான் திட்டப்போவது அதை மட்டும் அல்ல.

சிக்கல் இதுதான். கட்டுரைகளை ராத்திரி உட்கார்ந்து திருத்தி அனுப்புவேன். காலையில், "சார், நீங்க திருத்தவே இல்லையே" என்று ஒரு செய்தி வந்து நிற்கும். பொய்யில்லை, அந்தப் பிள்ளையின் போனில் நிஜமாகவே ஒரு கோடுகூடத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் எல்லாம் தெரியும். இன்னொருவனுக்கு ஹைலைட் தெரியும், ஓரத்தில் எழுதிய குறிப்பு தெரியாது.

காரணம் பிடிஎஃபின் அமைப்பிலேயே இருக்கிறது. அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த இந்த வடிவம் 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற தரமாகவே ஆகிவிட்டது. அதில் நாம் போடும் கோடும் குறிப்பும் பக்கத்தின் எழுத்தோடு கலப்பதில்லை. பக்கத்தின் மேல் தனிப் பொருள்களாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குறிப்பும் தான் எப்படித் தெரிய வேண்டும் என்ற வரைவையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். எழுதிய செயலி அதைச் சரியாக வைக்காவிட்டால், திறக்கும் செயலி தனக்குத் தோன்றியபடி வரையும், அல்லது வரையாமலே விட்டுவிடும். பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் குறிப்புகளைத் தொடாத முன்னோட்டத் திரைகளும் உண்டு. சில செயலிகள் இன்னும் மோசம்: குறிப்புகளைக் கோப்புக்குள் எழுதாமல் தங்கள் சொந்தக் கிடங்கில் வைத்துக்கொள்ளும். கோப்பை அனுப்பினால் வெறும் கட்டுரைதான் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து 'ஃபிளாட்டன்' செய்வது. குறிப்புகள் பக்கத்தோடு ஒன்றிவிடும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் பிறகு ஒரு கோட்டைக்கூட நீக்க முடியாது, மாணவர் குறிப்புக்குக் கீழேயே பதில் கேட்கவும் முடியாது. தமிழ்க் கட்டுரையில் பாதிப் பாடம் அந்த எதிர்க்கேள்வியில்தான் நடக்கும். "இங்கே ஏன் சார் ஒற்று வரல?" என்று கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்கவா இவ்வளவு தொழில்நுட்பம்? அதனால் இரண்டு கோப்பு: ஒன்று எனக்கு, ஒன்று அவர்களுக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும்.

இனி நல்லது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. வகுப்பின் கட்டுரைகளை எல்லாம் ஒரே பிடிஎஃபாக இணைத்துத்தான் திருத்துவேன். சந்திப்பிழைக்குப் பச்சை, ல-ள-ழ மயக்கத்துக்கு நீலம், வாக்கியம் சரிந்தால் சிவப்பு. திருத்தி முடித்தபின் குறிப்புப் பட்டியலைத் திறந்து பச்சையை மட்டும் வடிகட்டினால், வகுப்பு முழுவதின் சந்திப்பிழையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். நோட்டுக் கட்டைப் புரட்டிய காலத்தில் இது கண்ணில் பட்டதே இல்லை.

அப்படிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. "அந்த பையன்" என்று ஒற்றில்லாமல் எழுதியவர்கள் மிகக் குறைவு; "வந்தக் குழந்தை", "கொடுத்தப் பணம்" என்று வேண்டாத இடத்தில் ஒற்றைப் போட்டவர்கள்தான் அதிகம். சுட்டுக்குப் பின் வல்லினம் மிகும் என்று அழுத்திச் சொன்னதை, பெயரெச்சத்துக்கும் நீட்டிவிட்டார்கள். ஆளாளுக்குக் கவனக்குறைவு என்றால் தனித்தனியாகச் சொல்லலாம். இது வகுப்பே சேர்ந்து ஒரு விதியைத் தவறாகக் கற்றுக்கொண்டது. அடுத்த வகுப்பில் மிகா இடங்களை மட்டும் எடுத்தேன். அந்த ஒரு பட்டியலுக்காகவே கட்டணம் தகும்.

ஆனால் அந்தப் பட்டியலையும் நிம்மதியாகப் படிக்க விடுவதில்லை. ஹைலைட் செய்த சொல்லைச் செயலி தானே எடுத்துப் பட்டியலில் போடும். "கொடுத்தப் பணம்" அங்கே "ெகாடுத்தப் பணம்" என்று, கொம்பு முன்னால் தொங்கிக்கொண்டு வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்க்குப் பின்தான் உயிர்க்குறி. பிடிஎஃபோ திரையில் இடமிருந்து வலமாக வரைந்த வரிசையை வைத்திருக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல் எழுத்துருவோடு சரியாக இல்லையென்றால் செயலி அதே வரிசையில் பிடுங்கிப் போடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சான வினாத்தாள் என்றால் கேட்கவே வேண்டாம், ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். படம்பிடித்து அனுப்பிய கையெழுத்துத் தாள் வெறும் படம்தான்; செயலி எடுப்பதற்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. தமிழைத் திருத்த உட்கார்ந்தவன் செயலியின் தமிழையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

பாடம் நடத்தும்போது இடையில் வெற்றுப் பக்கம் செருகும் வசதியும் பிடித்தமானதுதான். விளக்கம் நீண்டால் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டாம். ஒரு பக்கம் செருகியதும் "23-ஆம் பக்கம்" என்று நான் சொல்வது அவர்களுக்கு 22 ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பழகிவிட்டோம்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். நான் என் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், அது வேறு விஷயம். பச்சைப் பட்டியலை விட மனம் வரவில்லை. என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இலவசக் காலத்திலேயே ஒரு பக்கத்தில் பேனாக்கோடு, ஹைலைட், தட்டச்சுக் குறிப்பு மூன்றையும் போட்டு, மாணவர்களிடம் உள்ள போன்களிலேயே பழையது எதுவோ அதில் திறந்து பாருங்கள். மூன்றும் தெரிந்தால் எந்தச் செயலி என்று எனக்கும் சொல்லுங்கள். என்னுடையதில் இரண்டுதான் தெரிகிறது.