ஸ்கில்ஸ் லேப் வீடியோ: படம் பிரமாதம், மைக்தான் கழுத்தறுப்பு

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன்களின் சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி) தேர்வுக்கு இப்போது வீடியோ பார்த்துத்தான் மார்க் போடுகிறோம். கூரையில் ஒரு கேமரா, மேனிக்கின் என்னும் பயிற்சிப் பொம்மைக்குப் பக்கவாட்டில் ஒன்று, ஓடும் காட்சியிலேயே குறிப்பு எழுத ஒரு மென்பொருள். நான் மயக்கவியல் துறை என்பதால் இந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான். இந்த ஏற்பாட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1975இல் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் ஆஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே, பக்கத்தில் ஒருவர் நின்று செக்லிஸ்டில் டிக் அடிப்பதுதான் வழக்கம். டிக் அடிக்கக் குனிந்து நிமிர்வதற்குள் ஏதாவது ஒன்று கண்ணிலிருந்து தப்பிவிடும். இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்க நெஞ்சு அமுக்கத்தை நிறுத்தினார்களே, அந்த இடைவெளி 10 விநாடிக்குள் இருந்ததா? யாருக்கு நினைவிருக்கும்! வீடியோவில் கடிகாரம் கூடவே ஓடுகிறது. இரண்டு தேர்வாளர்களுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். “முழங்கையை மடக்கவே இல்லை மேடம்” என்று சாதித்த ஒரு பையன், தன் வீடியோவைப் பார்த்ததும் தானே சிரித்துவிட்டான்.

அது தெரிந்தது பக்கவாட்டுக் கேமராவில். காசு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். கூரையிலிருந்து பார்த்தால் முதுகும் தலைமுடியும்தான். ஒவ்வொரு அமுக்கத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழ விடுகிறார்களா என்பது மேனிக்கின் மட்டத்தில்தான் தெரியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தை எண்ணிவிடலாம், 5 செ.மீ. ஆழம் போனதா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. அதற்கு சென்சார் வைத்த மேனிக்கின் வேண்டும்.

மைக்கைப் பற்றிச் சொல்லாதிருப்பதே மரியாதை. இருந்தாலும் சொல்கிறேன். கூரையில் ஒரே ஒரு மைக். ஏசி இரைச்சல் அட்சரசுத்தமாகப் பதிவாகிறது. ஷாக் பட்டனை அழுத்துமுன் “எல்லாரும் விலகுங்க” என்று சொல்ல மார்க் உண்டு, “அட்ரினலின் 1 மி.கி. போட்டாச்சு” என்று பதில் சொல்வதற்கும் உண்டு. இரண்டுமே கேட்காது. மாஸ்க் போட்டிருப்பதால் உதடும் தெரியாது. விற்றவர்களிடம் கேட்டால் அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்கிறார்கள். மைக்குக்கு எதற்கு அப்டேட்? அப்புறம் காலரில் குத்தும் மைக்கை நாங்களே வாங்கி மாட்டினோம்.

ஐ.வி. கேனுலா, தையல் மாதிரி வேலைகளுக்கு இத்தனை செலவு வேண்டாம், ஸ்டாண்டில் ஒரு செல்போன் போதும். நோயாளியிடம் பேசும் முறையை மதிப்பிட வாங்குவதாக இருந்தால், உங்கள் அறையிலேயே ஒருமுறை பதிவுசெய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.