பலூனா, பைபாஸா: அப்பாவின் காலுக்கு நாங்கள் எடுத்த முடிவு

அப்பா குடியாத்தத்துக்காரர். நாற்பது வருடப் பீடி, பதினைந்து வருடச் சர்க்கரை. போன வருடம் இடது கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ராத்திரி வலி பொறுக்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் தூங்குவார். வேலூரில் காட்டியபோது, தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ரத்தக்குழாய் அடைத்திருந்தது.

அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைப்பதன் சௌகரியம் தெரிந்ததுதான்: தொடை இடுக்கில் சின்னத் துளை, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தால் போதும், ஓரிரு நாளில் வீடு. வீட்டில் எல்லாரும் அதற்கே தலையாட்டினோம்.

மாற்றியது ஒரு ஸ்கேன். அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்று வழி போடும் பைபாஸுக்கு, அப்பாவின் காலிலேயே இருக்கும் நீளமான நரம்பு (சிரையைத்தான் நம் பக்கம் இப்படிச் சொல்வோம்) தேறுமா என்று பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே தொடையிலிருந்து கணுக்கால் வரை பேனாவால் கோடு போட்டார்கள். "பஸ் ரூட் மாதிரி இருக்குடா" என்றார் அப்பா. நரம்பு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலம், நடுவில் கோளாறில்லை; பைபாஸுக்குத் தேறியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி ஏறும் அலைச்சல். இந்த இரண்டு சிகிச்சையையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல நரம்பு இருந்தவர்களில் பெரிய மறுசிகிச்சை தேவைப்பட்டது பைபாஸ் பக்கம் 9 சதவீதம், பலூன் பக்கம் 23 சதவீதம் அளவில். பலூன் போட்ட இடம் மறுபடி சுருங்கினால் மறுபடி சாயம் (எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிய ஏற்றுவது), மறுபடி செலவு. அந்தச் சாயம் சர்க்கரைக்காரர் கிட்னிக்கும் ஆகாது. பைபாஸுக்கே சரி என்றோம்.

ஆனால் 2023-இல் வந்த பேசில்-2 என்ற இன்னொரு ஆய்வு, முழங்காலுக்குக் கீழே உள்ள அடைப்புக்குப் பலூனே மேல் என்றது. ஆக இது முடிந்த வழக்கு இல்லை. எங்கள் அனுபவமும் பதினான்கு மாதம்தான்.

பைபாஸும் சும்மா இல்லை. தொடைத் தையல் ஒரு இடத்தில் பிரிந்து ஐந்து வாரம் கட்டு மாற்றினோம். சாயந்திரமானால் கால் இன்னும் வீங்குகிறது. நரம்பு சுருங்குகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் உண்டு. ஆனால் புண் ஆறிவிட்டது, காலை நீட்டித் தூங்குகிறார். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சட்டைப்பையை நான் சோதிப்பதில்லை.

இதயம் பலவீனமானவருக்கு நான் பைபாஸ் சொல்லமாட்டேன். அம்மாவுக்கே இது வந்தாலும் பலூன்தான் கேட்பேன்: வெரிகோஸ் ஆபரேஷனில் இரண்டு காலிலும் அந்த நரம்பை எப்போதோ உருவி எடுத்துவிட்டார்கள்.