தண்ணீர் வரி நிலுவை: மண்டல அலுவலகமா, ஆட்சியர் மனுவா, மக்கள் நீதிமன்றமா, கடனா?

குடிநீர்க் கட்டணம் ஒரு தவணை தவறினால் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. நான்கைந்து தவணை சேர்ந்து, இணைப்பைத் துண்டிப்பதாக நோட்டீஸ் வரும்போதுதான் கலக்கம். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பலர் உடனே கடனுக்கு ஓடுகிறார்கள். அது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் போக வேண்டிய இடம் மாநகராட்சி மண்டல அலுவலகம். முடிந்த தொகையைக் கையில் கொண்டுபோய், மீதியைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். தவணை தருவது அதிகாரியின் விருப்பம்தான். ஆனால் வெறுங்கையோடு வருபவரைவிட, கொஞ்சமாவது கட்டிவிட்டுக் கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தொகையே தவறென்று தோன்றினால், தண்ணீர் விடும் நாளில் தொட்டிக்குப் போகும் வால்வு உட்பட எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதன் சின்னச் சக்கரம் அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. தண்ணீர் வருவதற்கு முன் குழாயிலிருந்து சீறி வரும் காற்றும் மீட்டரைச் சுழற்றும். பல நாளுக்கொரு முறை தண்ணீர் வரும் நம் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல. மீட்டரைச் சோதிக்கச் சொல்லி அதே மனுவில் எழுதிவிடலாம்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனுக் கொடுக்கச் செலவில்லை. 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தையும் அழைக்கலாம். இரண்டிலும் உங்கள் மனு சுற்றி வந்து சேரும் இடம் அதே மாநகராட்சிதான். அங்கே பதில் கிடைக்காதபோது அழுத்தம் கொடுக்க இவை உதவும். முதல் படியாக வேண்டாம்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் பலருக்குத் தெரியாத வழி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தால் வந்தது. குடிநீர் வழங்கல் அதன் வரம்புக்குள் வருகிறது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதலில் இரு தரப்பையும் சமரசம் செய்யப் பார்க்கும். சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்புச் சொல்லலாம், அதற்கு மேல்முறையீடு இல்லை. வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே இங்கே வர வேண்டும். ஆனால் 'பில் தவறு' என்பவருக்கே இது ஏற்றது. 'பில் சரி, பணம் இல்லை' என்பவருக்கு மண்டல அலுவலகமே மேல். விவரத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

கடன் தவிர்க்க முடியாதென்றால் மகளிர் குழுக் கடன் எவ்வளவோ தேவலை. பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாரத் தவணைக் கடன் வாங்கினால், ஆர்டர் குறைந்த வாரத்தில் அரிசிக்கான பணம் வட்டிக்குப் போய்விடும். கந்துவட்டியை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

லைன் வீடுகளில், அதாவது ஒரே வளாகத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில், குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் மனுவில் அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். தண்ணீருக்கென்று அவரிடம் மாதாமாதம் கொடுக்கும் பணத்துக்கும் சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.