தண்ணீர் வீணாகாத ஆர்.ஓ. மெஷின் என்று சொன்னால் வாங்காதீர்கள்

நீலகிரியில் கேத்தி பக்கம் வீடு வீடாக வந்து, ஆர்.ஓ. (நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரை வடிகட்டும் முறை) என்று சொல்லித் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அண்ணன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். மேலே சரிவு முழுக்கக் கேரட்டும் உருளைக்கிழங்கும். அங்கே போடுகிற யூரியாவும் கோழி எருவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்கின்றன. போதாததற்குக் கழிவறைக் குழிகள் வேறு. அண்ணிக்குப் பால் பற்றாமல் குழந்தைக்குப் பவுடர் பால் ஆரம்பித்தபோது, தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் நம் நாட்டில் குடிநீருக்கு உச்ச வரம்பு. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது பெரிய ஆபத்து. நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவாவில், கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கு இப்படி ஆனதை 1945-லேயே காம்லி என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அந்தக் கவலையில் இருந்த நேரத்தில்தான் விற்பனைக்காரர் வந்தார். இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் செம்பழுப்பானது, அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அண்ணி பயந்துபோனார். அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பி கரைந்து வருவது. உப்பே இல்லாத தண்ணீரில் கரண்ட் பாயாது, அதனால் நிறமும் மாறாது. நைட்ரேட்டுக்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. பயமுறுத்தி விற்பதற்கென்றே இதைச் செய்கிறார்கள்.

“ஆர்.ஓ. நைட்ரேட்டை எடுத்துடும்க்கா, நம்ம மெஷின்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட வேஸ்ட் ஆகாது” என்றாராம். கோடையில் தண்ணீருக்கு அலைகிற ஊரில் யாருக்குத்தான் இது பிடிக்காது? 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டுப் போனார்.

மெஷினில் பிடித்த தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தோம். நைட்ரேட் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தெரிந்த மெக்கானிக் திறந்து பார்த்தார். மெம்பரேன், அதாவது நைட்ரேட்டைப் பிரிக்கும் அந்தச் சவ்வு, இருக்கவேண்டிய குழாய் காலி! உள்ளே இருந்தது கார்பன் ஃபில்டரும் யு.வி. விளக்கும் மட்டும். யு.வி. கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. உண்மையான ஆர்.ஓ. என்றால் கழிவு நீர் தனிக் குழாயில் வெளியே வந்தே ஆகவேண்டும். நைட்ரேட் போவதே அந்த வழியாகத்தான்.

போன் செய்தால், “தண்ணி செட் ஆக ஒரு மாசம் ஆகும்” என்றார்கள். அப்புறம் எடுப்பதே இல்லை. பில்லிலும் ஆர்.ஓ. என்ற சொல்லே இல்லை, ‘வாட்டர் ப்யூரிஃபையர்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பில்லில் ஆர்.ஓ. என்று எழுதி வாங்குங்கள். மாட்டியதும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரைக் கொடுத்து நைட்ரேட் பாருங்கள். தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது.

நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆட்கள் இப்போது அதிகரட்டிப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.