புரூக்னர் ‘முதல் வடிவம்’ சிடி வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

பழைய சிடி விற்கும் தளம் ஒன்றில், 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் புரூக்னரின் சிம்பொனிகள் என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பச்சைக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, அதன்மேல் மூன்று சிடி, கீழே “புரூக்னர் 3, 4, 8, முதல் வடிவங்கள், 80களின் ஜெர்மன் பதிப்பு, புதிது போல” என்று ஒரு வரி. கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். நான் போகவில்லை, 80 யூரோ போச்சு.

ஏன் இதற்கு இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாராவது குறை சொன்னால் உட்கார்ந்து திருத்தி எழுதுகிற மனிதர் புரூக்னர். 1877 டிசம்பரில் வியன்னாவில் மூன்றாவது சிம்பொனியை அவரே நடத்தினார், ஆட்கள் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள், முடியும்போது அரங்கில் கொஞ்சம் பேர்தான் மிச்சம் (பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான மாலரும் அதில் ஒருவர், அப்போது 17 வயது). எட்டாவதை 1887ல் முடித்து, இசைக்குழு நடத்துநர் ஹெர்மன் லேவிக்கு அனுப்பினார், அவரோ தனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட, மனிதர் உடைந்துபோய் 1890 வரை அதைத் திருத்தினார். இப்படி ஒரே சிம்பொனிக்கு இரண்டு, மூன்று உருவங்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை பின்னால் திருத்தியவை. 1980களின் தொடக்கத்தில் எலியாஹு இன்பால் என்ற நடத்துநர் பிராங்ஃபர்ட் வானொலி இசைக்குழுவை வைத்து 3, 4, 8 மூன்றையும் முதலில் எழுதியபடியே பதிவு செய்தார். என்னிடம் இருந்த அந்தச் சிடிகளைக் கேட்டு வாங்கிப்போன நண்பர் ஊரை விட்டே போய்விட்டார், அதனால்தான் இந்தத் தேடல்.

விற்றவர் பேச்சில் அவ்வளவு மரியாதை. 85 கேட்டார். தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், ‘நண்பருக்கு அனுப்புவது’ என்று போட்டு நேராக அனுப்பினால் 5 யூரோ குறைக்கிறேன் என்றார். சிடியின் அடிப்பக்கப் படம் கேட்டேன், அட்டையின் படத்தையே மறுபடி அனுப்பினார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 5 யூரோ ஆசை, அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாளில் பார்சல் வந்தது. எந்தச் சிடி வந்தாலும் எனக்குப் பிடித்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிற கெட்ட பழக்கம் உண்டு, அதனால் நேராக நான்காவதின் மூன்றாம் பகுதியைப் போட்டேன். 1874 வடிவத்தில் அங்கே ஒரே ஒரு ஹார்ன் துணைக்கு யாருமில்லாமல் கூப்பிடும், அதற்கப்புறம்தான் மற்றவை சேரும். எனக்குக் கேட்டதோ வயலின் நடுக்கத்தின்மேல் ஹார்ன்கள் கூட்டமாக வேட்டைக்குக் கிளம்பும் இசை. அது 1878ல் அவர் புதிதாக எழுதிச் சேர்த்தது, முதல் வடிவத்தில் இருக்கவே முடியாது. சரி, தட்டு மாறியிருக்கும் என்று நினைத்து எட்டாவதைப் போட்டேன். முதல் பகுதியின் முடிவில் இசை தேய்ந்து தேய்ந்து அடங்கும் இடம், சாகிறவர் அறையில் ஓடும் கடிகாரம் மாதிரி என்று புரூக்னரே சொன்ன இடம். 1887 வடிவத்தில் அதற்கப்புறம் முழு இசைக்குழுவும் எழுந்து உரக்க முடிக்கும், 1890ல் அதை வெட்டிவிட்டார். கடிகாரம் நின்றது. காத்திருந்தேன். இரண்டாம் பகுதி ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் சிடியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லை, பச்சை கலந்த நிறம், வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதிய சிடி. கையேடு கலர் ஜெராக்ஸ், பின் அடித்த ஓட்டை கூட ஜெராக்ஸில் விழுந்த கறுப்புப் புள்ளிதான். நான்காவதைக் கம்ப்யூட்டரில் போட்டதும் திரையில் வந்த பெயர் இன்பால் இல்லை, வேறொரு நடத்துநர்: கார்ல் பேம், வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு, 1973. அருமையான பதிவு, ஏற்கெனவே அது என்னிடம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. (ஜாய்ஸ் ஹாட்டோ பெயரில் வந்த பியானோ சிடிகள் வேறு ஆட்கள் வாசித்தவை என்று 2007ல் மாட்டியதும் இப்படிக் கம்ப்யூட்டர் வேறு பெயர் காட்டியதால்தான்.) மூன்றாவது மட்டும் நிஜமாகவே 1873 வடிவம், ஆனால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டுப் பார்த்தால் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினது போல ஒன்றுமில்லை. எம்பி3யாகச் சுருக்கும்போதுதான் உச்ச ஒலிகள் இப்படி வெட்டுப்படும், எங்கேயோ இறக்கியதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கேட்டதற்கு வந்த பதில்: “அதுவும் நான்காவது சிம்பொனிதானே?” அதன்பின் பதிலே இல்லை. தளம் பணம் எங்கள் வழியாக வரவில்லை என்றது, பணம் அனுப்பிய செயலி நண்பருக்கு அனுப்பியதைத் திருப்ப முடியாது என்றது. இரண்டும் நியாயம், அதுதான் எரிச்சல்.

இந்த மாதிரி வாங்குகிறவர்கள் சிடியின் நடு வளையத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். தொழிற்சாலையில் அச்சான தட்டில் அங்கே எண்ணும் எழுத்தும் இருக்கும், அந்தக் காலத்து ஜெர்மன் தட்டு பலவற்றில் நாட்டின் பெயரும் இருக்கும், இதில் மொட்டையாக இருந்தது. கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு இடமும் போதும். ஏழாவதின் மெதுவான பகுதியில் வரும் அந்த ஒற்றைச் சிம்பல் அடியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், இசைத்தாள்களைத் தொகுத்தவர்களில் ஹாஸ் என்பவர் பதிப்பில் அது கிடையாது, நோவாக் என்பவர் பதிப்பில் உண்டு, ஆனால் ஹாஸை வைத்து நடத்துகிறவர்களிலும் சிம்பலைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நேற்று பார்த்தேன், விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. விற்பவர் பெயர் வேறு, விலை 75, மேசை விரிப்பு அதே பச்சைக் கட்டம்.