பச்சை வளையமும் சிவப்பு எண்ணும்: ஒரு கலோரிச் செயலி பற்றிய மதிப்புரை

அப்பாவின் சர்க்கரை நோய்க்காக எங்கள் வீட்டுக்குள் வந்து, பின்னர் கல்லூரியில் படிக்கும் தங்கையின் கைப்பேசிக்கும் சென்ற கலோரிக் கணக்குச் செயலி ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. இட்லி, பொங்கல், கீரைக் கூட்டு என நம் உணவுகளைத் தமிழிலேயே தேடிப் பதிவு செய்ய முடிவது மெச்சத்தக்கது. அப்பாவுக்கு அது பெரிதும் உதவியது.

குறை, பயன்படுத்துபவரை அது பழக்கும் விதத்தில் இருக்கிறது. இலக்குக்குள் சாப்பிட்டால் பச்சை வளையமும் பாராட்டும் கிடைக்கின்றன. சற்றே தாண்டினாலும் எண் சிவப்பாகிவிடுகிறது. இலக்கில் பாதியைக்கூட எட்டாத நாளுக்கும் அதே பச்சை, அதே பாராட்டு. இரவில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டதும் எண் சிவந்ததைக் கண்ட தங்கை, மறுநாள் காலை உணவைத் தொடவில்லை. அவளுக்கு அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை மிகவும் குறைத்துக்கொள்ளும் உணவுக் கோளாறு, இருப்பதை மனநல மருத்துவர் பின்னர் உறுதிசெய்தார். நோய்க்குச் செயலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் விரும்பியதையெல்லாம் அது பாராட்டிக்கொண்டிருந்தது.

இந்நோய் உள்ளவர்கள் வெகுமதியிலிருந்தும் ஏமாற்றத்திலிருந்தும் கற்கும் விதம் வேறுபடக்கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் கைடோ ஃபிராங்க் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தோன்றும் வடிவங்களைச் சர்க்கரைக் கரைசலின் இனிப்போடு இணைத்துக் கற்ற பெண்களின் மூளை படமெடுக்கப்பட்டது. எதிர்பாராமல் இனிப்பு கிடைத்தபோதும், எதிர்பார்த்த இனிப்பு கிடைக்காதபோதும், அனோரெக்சியா உள்ளவர்களிடம் மூளையின் வெகுமதிப் பகுதிகள் கூடுதலாகத் துலங்கின. உடற்பருமன் உள்ளவர்களிடம் அத்துலக்கம் குறைந்திருந்தது. அப்பா அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோன சிவப்பு எண், தங்கைக்கு ஏன் அவ்வளவு பெரிய தண்டனையாயிற்று என்பதை இதைப் படித்த பிறகே என்னால் ஓரளவு ஊகிக்க முடிந்தது.

மருத்துவமனைகளிலும் ஒரு காலத்தில், நோயாளியைப் படுக்கையிலேயே இருத்தி, எடை கூடக் கூடச் சிறு சலுகைகள் தரும் கண்டிப்பான முறை இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் டூய்ஸ் குழுவினர் அதைத் தளர்வான முறையுடன் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டபோது, எடை கூடும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருத்துவரும் செவிலியரும் உடனிருந்த இடத்திலேயே கண்டிப்பு கூடுதல் பயன் தரவில்லை என்றால், பார்த்துக்கொள்ள யாருமில்லாத கைப்பேசியில் அதை வைப்பது எவ்வகையில் நியாயம்?

உணவு மிகக் குறைந்தால் பாராட்டை நிறுத்தி எச்சரிக்கவும், பதிவின்போதே உணவுக் கோளாறு பற்றிக் கேட்கவும் இச்செயலியை உருவாக்கியோர் வழிசெய்ய வேண்டும். அதுவரை, உணவைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நிறுவ வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லி, பிள்ளையுடன் பேசி நீக்கிவிடுங்கள்.