“சென்சார் போயிடுச்சு” என்றதும் பணத்தை எண்ணி வைத்துவிடாதீர்கள்

40,600 ரூபாய். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஒயர் கெட்டுப்போனதற்கு நான் அழுத தொகை. அந்த ஒயரைச் சரிசெய்ய ஆன செலவு 700. நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதிவைக்கிறேன், பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

வண்டி 2013 மாடல், 1.3 லிட்டர் டீசல். தீபாவளிக்குப் பிறகு பெய்த மழை விட்ட வாரத்தில் நாமக்கல்லிலிருந்து கரூர் திரும்பிக்கொண்டிருந்தேன். பரமத்தி வேலூர் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகுகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பாலம் முடிந்ததும் ஓரங்கட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

மறுநாள் ஊரிலேயே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி போட்ட காத்திருப்பு அறை, டீ எல்லாம் உண்டு. சூப்பர்வைசர் தம்பி ஸ்கேனரைச் சொருகினார், பி0193 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. “ஃபியூயல் ரெயில் பிரஷர் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார். இன்ஜினுக்கு டீசல் கொடுக்கும் ‘ரெயில்’ என்ற குழாயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் அது. பார்த்து முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மச்சானிடம் விலை விசாரிக்கலாம் என்று ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தப் போட்டோ பின்னால் வேலைக்கு வந்தது.

சென்சாரும் கூலியும் சேர்த்து 9,600. மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் அதே லைட், அதே முனகல். இந்த முறை “ஹை பிரஷர் பம்ப்பே போயிருக்கு சார், அதான் புது சென்சாரும் எரர் காட்டுது” என்றார்கள். ரீகண்டிஷன் பம்ப் 31,000. கொடுத்தேன், வேறென்ன செய்வது? வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் லைட் எரிந்துவிட்டது. மூன்றாவது தடவை போனபோது “அப்போ ஈசிஎம்தான் சார், 55,000 ஆகும்” என்றார்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசிஎம். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் மச்சான் நாமக்கல்லில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். லாரிக்கு ஒயரிங் பார்த்தே தலை நரைத்த மனிதர். கடை என்று சொன்னால் ஒரு தகரக் கூரையும் ஒரு பெஞ்சும்தான். நான் மாற்றிய பாகங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “மாத்துனதை விடுங்க தம்பி. லைட்டு எப்ப எரியுது, அதைச் சொல்லுங்க.” மேடு பள்ளத்தில், பாலத்து இணைப்பில் ஏறி இறங்கும்போது என்றேன். “அப்ப ஒயருதான். பாத்துருவோம்.”

இங்கே கொஞ்சம் விளக்கம் வேண்டும். பி0193 என்றால் ரெயில் பிரஷர் சென்சார் சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் அதிகம் என்று அர்த்தம். சர்க்யூட் என்றுதான் இருக்கிறது. அதில் சென்சார் உண்டு, ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளர் உண்டு, ஒயர் உண்டு, மறுமுனையில் ஈசிஎம் உண்டு. எது கெட்டாலும் இதே குறியீடு வரலாம். அந்தச் சென்சாருக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் ஆகியிருந்தால் ரெயிலில் அழுத்தம் இருக்காது, சிக்னல் ஏறக்குறைய அரை வோல்ட் காட்ட வேண்டும். வண்டி ஓட ஓட அது ஏறும், நாலரையைத் தாண்டாது. எர்த் அறுந்துபோனால் சிக்னல் நேராக 5 பக்கம் போய் நின்றுவிடும். அப்படி ஓர் அழுத்தம் இருக்கவே முடியாது என்று ஈசிஎம்முக்குத் தெரியும், அதனால் லைட்டைப் போட்டுவிட்டு இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும்.

என் போனில் இருந்த முதல் நாள் போட்டோவைக் காட்டினேன். இன்ஜின் ஆர்பிஎம் பூஜ்யம், சென்சார் வோல்ட்டேஜ் 4.9. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துச் சிரித்தார். “இதைப் பாத்துட்டா பம்ப்ப மாத்துனாங்க?” பம்ப் கெட்டால் அழுத்தம் குறையும், ஓடாத வண்டியில் வோல்ட்டேஜ் எகிறாது. அது எனக்கே இப்போது புரிகிறது. தினமும் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் புரியாமல் இருக்குமா?

கப்ளரைக் கழற்றிச் சாவியை ஆன் பண்ணச் சொன்னார். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைச் சப்ளை பின்னிலும் கறுப்பை பேட்டரி மைனஸிலும் வைத்தார், 5.0 காட்டியது. அடுத்து கறுப்பை மட்டும் எடுத்துக் கப்ளரிலேயே இருக்கும் எர்த் பின்னில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒயரிங்கை மெல்ல ஆட்டினார். 5 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 2 ஆனது, பூஜ்யம் ஆனது, மறுபடி 5 ஆனது. சப்ளை ஒழுங்காக வருகிறது, எர்த்தான் வந்து வந்து போகிறது. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

கப்ளரிலிருந்து நாலு விரற்கடை பின்னால் கறுப்பு டேப்பைப் பிரித்தார். ஒயரின் மேலுறையில் எலிப்பல் பட்ட தடம், எள்ளளவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் விரலால் மடித்தபோது விளக்குத் திரி மாதிரித் துவண்டது. மேலுறையைச் சீவினால் உள்ளே செம்புக்குப் பதில் பச்சைக் களிம்புப் பொடி உதிர்ந்தது. கடித்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. சென்சார் மாற்றியதும் மூன்று நாள் ஓடியதன் ரகசியமும் இதுதான்: கப்ளரைக் கழற்றி மாட்டியதில் அறுந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. (இன்ஜின் அறையில் எலிக்கு என்று புகையிலைக் கட்டை வைத்துப் பார்த்தவன் நான். அதையும் அது பொருட்படுத்தவில்லை போல.)

களிம்பு ஏறிய பகுதியை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். ஒர்க்‌ஷாப்பில் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்த என் பழைய சென்சாரைக் கப்ளரில் மாட்டிப் பார்த்தார். 0.5 வோல்ட். அது கெடவே இல்லை. அடுத்து டார்ச்சைப் பம்ப் பக்கம் திருப்பி, எதுவும் பேசாமல் போல்ட்டுகளைக் காட்டினார். பல வருட எண்ணெய்ப் புழுதி போல்ட்டுத் தலைகளில் அப்படியே படிந்திருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. பழைய பம்ப்பைக் கேட்டபோது “எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்” என்று சொன்னது ஞாபகம் வந்தது.

சென்சார் கெடாது என்று நான் சொல்லவில்லை, கெடும்தான். ஆனால் உங்களிடம் அப்படிச் சொன்னால், சாவி ஆனில் வோல்ட்டேஜ் எவ்வளவு, சப்ளையும் எர்த்தும் கப்ளரில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்த்தவர் எண்ணைச் சொல்வார். பார்க்காதவர் “ஸ்கேனரே சொல்லுது சார்” என்பார். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துக் காட்டுவதை ரிப்பேர் என்று நம்பவேண்டாம். கழற்றிய பாகத்தைக் கொடுத்த பிறகுதான் பணம் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களே பார்க்கப் போகிறீர்கள் என்றால் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டரின் தடித்த முனையைக் கப்ளருக்குள் திணித்தால் பின் விரிந்து புதுக் கோளாறு வரும். ரெயில் பைப் நட்டை ஓடும் இன்ஜினில் தளர்த்தவே கூடாது. உள்ளே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை. பில், ஸ்கேனர் போட்டோ, பம்ப் போல்ட் போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். பழைய சென்சார் செய்தித்தாளில் சுற்றியபடி டேஷ்போர்டில் இருக்கிறது, விசாரணை அன்றைக்கு அதையும் எடுத்துப்போவேன்.